தையல் வெட்டிய பிறகு நோயாளியை எங்கே தேடுவது? திருமலையில் காயத் தொற்று ஆய்வு

டிரெசிங் றூம் (திருகோணமலை) கேட்டது:

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை வார்டில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். எந்த வைத்தியசாலை என்று மட்டும் கேட்காதீர்கள், ஊர் சின்னது. ஆய்வு செய்து பழகிய டொக்டர்மாரும் கம்பஸ் ஆட்களும் இங்கே வந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. டிரெசிங்குக்குத் திரும்பி வருகிறவர்களில் காயம் பழுத்தவர்களை அதில் எழுதி வருகிறேன். என்ன ஒபரேஷன், எத்தனையாம் நாள் சீழ் கண்டது, எந்த ஊர், சீனி வருத்தம் உண்டா, இடையில் யாரிடம் காட்டினார், என்ன மருந்து குடித்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. நாங்கள் மாதாமாதம் அனுப்பும் எண்ணிக்கைக்கும் டிரெசிங் மேசையில் நான் காண்பதற்கும் ஒட்டவே இல்லை என்பதால் தொடங்கினேன்.

ஹெர்னியா (குடலிறக்கம்) வெட்டியவர் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்குப் போய்விடுவார். போகும்போது காயம் பளிச்சென்று இருக்கும், டிக்கெட்டிலும் (வார்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பு) அப்படியே எழுதுவார்கள். சீழ் வருவது ஆறாம் நாளோ பத்தாம் நாளோ. அப்போது அவர் மூதூரிலோ புல்மோட்டையிலோ இருப்பார். பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டி, அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்து, ஆறிவிட்டால் எங்களுக்குத் தெரியவே வராது. ஆறாவிட்டால்தான் வருவார். எங்கள் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர் நாங்கள் சுவிட்சர்லாந்தில் ஒபரேஷன் செய்கிறோம் என்று நினைப்பார்.

ஓர் ஆளைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். கடற்தொழிலாளி. மெஷ் (வலைத்துண்டு) வைத்துத் தைத்த ஹெர்னியா. தையல் வெட்டிக்கொண்டு போனவரைப் பிறகு காணவில்லை. வாரக்கணக்கில் கழித்து வந்தார். காயத்துக்கு மேல் நான்காக மடித்த சாரத்துண்டு, அதற்கு மேல் சொப்பிங் பேக், அதைச் சுற்றி வயரிங்காரர் ஒட்டும் கறுப்பு டேப். உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று அவரே செய்த வேலை. உண்மையைச் சொன்னால் எங்களைவிட நேர்த்தியாக ஒட்டியிருந்தார். டேப்பைக் கழற்றினால் உள்ளே தோல் வெள்ளையாக ஊறிப்போய், தையல் கோட்டின் கீழ் மூலையில் சீழ். என்ன மாத்திரை குடித்தீர்கள் என்று கேட்டேன். சேர்ட் பொக்கெட்டிலிருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்துத் தந்தார். பார்மசியில் கார்டை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் அச்சிட்ட பக்கம் கடைக்காரரிடம், மிச்சம் இவரிடம். "வெள்ளை, நீள மாத்திரை, காலை மாலை" என்று கொப்பியில் எழுதினேன். இதை எந்த ஆய்வுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இப்போது வந்திருக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இதை முறையாக ஓர் ஆய்வாகச் செய்யுங்கள் மிஸ், நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் இடமாற்றம் கேட்டிருக்கிறார் என்று வார்டில் கதை. இன்டர்ன் டொக்டர்மார் ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள். மாறாமல் இருப்பது நாங்களும் வார்ட் பூனையும்தான்.

காயத் தொற்று என்றால் 30 நாள் வரை பார்க்க வேண்டும் என்று வாசித்தேன். 30ஆம் நாள் ஆளை எங்கே பிடிப்பது? டிக்கெட்டில் உள்ள நம்பர் மகனுடையது, மகன் கட்டாரில். அல்லது எப்போதோ தூக்கிப் போட்ட சிம். குச்சவெளிப் பக்கம் பருவத்துக்கு நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து மீன்பிடிக்க வந்து வாடி (கரையோரக் குடில்) போட்டிருப்பவர்கள் சோளகம் முடிய ஊருக்குப் போய்விடுவார்கள். விலாசம் என்று அவர்கள் தந்தது வாடி முதலாளியின் பெயர். மார்கழியில் ஆறு பெருகினால் வெருகல் பக்கத்து ஆட்களால் வருத்தம் என்றாலே வர முடியாது. நலமாக இருப்பவர் எனக்காகவா வரப்போகிறார்? வந்தாலும் கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போச்சு.

இன்னும் சில. கொப்பியில் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்தலாமா? எத்தனை பேர் வேண்டும்? தாதி ஒருத்தி எதிக்ஸ் கமிட்டிக்கு (ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் குழு) விண்ணப்பிக்கலாமா? நிர்வாகம் எதிக்ஸ் கடிதம் கொண்டு வா என்கிறது, எதிக்ஸ் படிவம் நிர்வாகத்தின் கடிதம் கொண்டு வா என்கிறது. கட்டுரைகளை வாசிக்கலாம் என்றால் முதல் பத்தி இலவசம், மிச்சத்துக்கு முப்பது நாற்பது டொலர். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லடிப் பாலம் (மட்டக்களப்பு) எழுதியது:

தங்கச்சி என்பதா அக்கா என்பதா தெரியவில்லை, மிஸ் என்றே எழுதுகிறேன். ஓர் எதிக்ஸ் கமிட்டியில் சில காலம் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களில் சிவப்புப் பேனையால் கோடு போட்டவன் நான். அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

தாதி விண்ணப்பிக்கலாம், தடை இல்லை. முதன்மை ஆய்வாளராக உங்கள் பெயரைப் போட்டு, நிபுணரை இணை ஆய்வாளராகப் போடுங்கள். அவர் மாறிப்போனாலும் ஆய்வு உங்களோடு நிற்கும். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரியவருக்கு இடமாற்றம் வந்ததும் கோப்பும் அவரோடு பதுளைக்கோ காலிக்கோ போய்விடுகிறது.

கடிதச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. பணிப்பாளரிடம் அனுமதிக் கடிதம் கேட்காதீர்கள். "எதிக்ஸ் அனுமதி கிடைத்தால் இந்த ஆய்வுக்கு எமக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி கேளுங்கள். அதை வைத்துக் கமிட்டிக்கு விண்ணப்பித்து, அங்கே கிடைத்ததைக் கொண்டுபோய் முழு அனுமதி வாங்குங்கள். கிராமத்து வைத்தியசாலைகளையும் சேர்ப்பதானால் கவனம்: சில மத்திய அமைச்சின் கீழ், சில மாகாணத்தின் கீழ். கடிதம் போக வேண்டிய மேசை வேறு வேறு. விண்ணப்பத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் கமிட்டி இருக்கிறது, யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் இருக்கிறது.

கொப்பிக்கு வருவோம். அதில் உள்ளதை அப்படியே கட்டுரையாக்கிவிட்டுப் பிறகு அனுமதி கேட்க முடியாது. சேர்த்து முடித்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி தர எந்தக் கமிட்டியாலும் முடியாது. பழைய பதிவுகளை ஆய்வுக்கு எடுக்கப்போகிறோம், பெயர்களை நீக்கிவிடுவோம், ஒவ்வொருவரையும் தேடிச் சம்மதம் வாங்குவது நடைமுறையில் இயலாது என்று முன்கூட்டியே விண்ணப்பித்தால், சம்மதத்தை விலக்கி அனுமதிக்க இடமுண்டு. ஆனால் மிஸ், உங்கள் கொப்பியில் பழுத்தவர்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்? பழுக்காதவர்கள் இல்லாமல் வீதம் கணக்கிட முடியாது. மொத்தத் தொகை ஒபரேஷன் தியேட்டர் புத்தகத்தில்தான் இருக்கும். ஆகவே கொப்பியை ஆய்வின் தரவாக எண்ணாதீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குக் காட்டித்தந்தது அதுதான், அதுவே பெரிய வேலை. நான் பார்த்த விண்ணப்பங்களில் பாதி, கேள்வி இல்லாமல் வந்தவை.

கொப்பியைப் பூட்டி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையாகக் கணிக்கிறது. பெயரும் இலக்கமும் ஒரு புத்தகத்தில், இலக்கமும் காயமும் இன்னொரு புத்தகத்தில்.

சம்மதம் வாங்குவதைப் பற்றி ஒன்று. படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டும், அது தெரிந்ததே. ஆனால் நள்ளிரவில் அப்பெண்டிக்ஸ் வலியில் சுருண்டு கிடப்பவரிடம் நாலு பக்கத்தை நீட்டாதீர்கள். நீங்கள் சிகிச்சையை மாற்றவில்லை, பின்தொடர மட்டும்தான் போகிறீர்கள். ஒபரேஷன் முடிந்து மறுநாள், கட்டிலில் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் கேட்கலாம். அதையும் நீங்கள் கேட்காதீர்கள். டிரெசிங் போடும் மிஸ் கேட்டால் எங்கள் சனம் "ஓம்" என்றுதான் சொல்லும், மாட்டேன் என்றால் நாளைக்குக் காயத்தை இறுக்கித் துடைப்பார்களோ என்ற பயம். வேறு வார்டில் இருந்து ஒருவர் வந்து கேட்கட்டும்.

வாசிப்புக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி திட்டம் 2002 முதல் இருக்கிறது. நிறுவனம் பதிந்திருந்தால் அதன் வழியாகச் சஞ்சிகைகளைத் திறக்கலாம். உங்கள் வைத்தியசாலை பதிந்திருக்காவிட்டால் பல்கலைக்கழக நூலகரைப் பிடியுங்கள்.


பழைய கத்தி (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சையாளன். மேலே எழுதியவர் சட்டம் சொன்னார், நான் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டிச் சுருக்குங்கள். நீரிழிவால் புண்ணான காலுக்குச் செய்யும் ஒபரேஷனைச் சேர்க்கவே வேண்டாம். அது ஒபரேஷனுக்கு முன்பே அழுகிய காயம். அதில் தொற்று வந்தது என்று எழுதுவதில் அர்த்தமில்லை. வளர்ந்தவர்களின் ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும் போதும். ஒன்று சுத்தமான காயம், மற்றது அப்படியல்ல. இரண்டையும் கலந்து ஒரே வீதம் போடாதீர்கள். மெஷ் வைத்த ஹெர்னியாவில் ஆழமான தொற்றை 90 நாள் வரை பார்க்கச் சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் முதல் ஆய்வில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

எத்தனை பேர்? தொற்று 15 வீதம் இருக்கும் என்று ஊகித்து, 5 வீதம் முன்பின் துல்லியம் வேண்டும் என்றால் 196 பேர். ஐந்தில் ஒருவர் கைநழுவிப் போவார் என்று வைத்தால் 245 பேரைச் சேர்க்க வேண்டும். திருமலையில் இது நடக்கக்கூடிய தொகை. வேறு யாராவது வந்து, இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஒரு டிரயல் செய்வோம் என்று ஆசை காட்டினால், 15 வீதத்தை 10 ஆகக் குறைத்ததை நிரூபிக்கவே ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 680 பேர் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கைநழுவியவர்களைப் பற்றித்தான் கனக்கச் சொல்ல வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 200 பேரைச் சேர்த்தீர்கள். 160 பேரை 30ஆம் நாள் பிடித்தீர்கள், அதில் 20 பேருக்குத் தொற்று. 12.5 வீதம் என்று எழுதுவீர்கள். காணாமல்போன 40 பேரும் நலமாக இருந்தால் உண்மை 10 வீதம். அந்த 40 பேருக்கும் பழுத்திருந்தால் 30 வீதம். பத்துக்கும் முப்பதுக்கும் இடையில் எங்கோ உண்மை கிடக்கிறது. காணாமல்போனவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் போனவர்கள் அல்ல. ஒன்றில் நன்றாக ஆறி வேலைக்குப் போனவர், அல்லது மோசமாகி வேறெங்கோ படுத்தவர். உங்கள் கறுப்பு டேப் கடற்தொழிலாளி போல. நம் நாடுகளில் இருந்து வரும் காயத் தொற்று ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எத்தனை பேரைத் தொலைத்தார்கள், அதைச் சொன்னார்களா. தையல் நூலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை ஒரு வரியில் மறைத்தால் மூடி வைத்துவிடுவேன்.

இது செய்ய முடியாத வேலை அல்ல. குளோபல்சேர்ஜ் என்ற கூட்டமைப்பு 66 நாடுகளில் 343 வைத்தியசாலைகளில் 12,539 பேரை 30 நாள் கணக்கில் பார்த்து 2018இல் வெளியிட்டது. வயிற்று ஒபரேஷன்கள். மனித மேம்பாட்டுச் சுட்டியில் உயர்ந்த நாடுகளில் தொற்று 9.4 வீதம், நடுவில் உள்ளவற்றில் 14.0, கீழே உள்ளவற்றில் 23.2. சேர்த்தவர்களில் மாணவர்களும் இளம் டொக்டர்மாரும் நிறைய. 2022இல் வந்த சீட்டா டிரயல் இன்னும் எளிமையானது: வயிற்றை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் என்ன ஆகும்? ஏழு நாடுகள், 81 வைத்தியசாலைகள், 13,301 பேர். தொற்று 18.9இல் இருந்து 16.0 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தின வருடம் வந்த பால்கன் டிரயலில் விலை கூடிய தோல் திரவத்துக்கும் மருந்து பூசிய நூலுக்கும் பலன் தெரியவில்லை. பணமில்லாத தியேட்டருக்கு இரண்டுமே நல்ல செய்தி. அந்த ஏழு நாடுகளில் இந்தியா உண்டு, ருவாண்டா உண்டு, நாங்கள் இல்லை.

இங்கே உள்ள தடைகளில் பணத்தைவிட எனக்குத் தொல்லை தந்தது ஒரே மாதிரி இல்லாமைதான். 2022இல் நாங்கள் ஒன்றைத் தொடங்கினோம். டீசல் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. பாதி நோயாளிகளுக்கு ஒரு நூல், மிச்சப் பேருக்கு அன்று கிடைத்த நூல். அவசரமில்லாத லிஸ்ட் சுருங்கியது, வந்தவர்கள் எல்லாம் முற்றிய நிலையில் வந்தவர்கள். ஒப்பிட என்ன மிஞ்சும்? கோப்பைக் கட்டி வைத்தோம். ஆகவே படிவத்தில் என்ன நூல், என்ன திரவம், அன்டிபயோட்டிக் எத்தனை மணிக்கு ஏற்றியது என்பதற்கெல்லாம் இடம் விடுங்கள். கடைசியானதைத் தியேட்டரில் நின்று எழுத ஆள் வேண்டும். டிக்கெட்டில் மருந்தின் பெயர் இருக்கும், மணி இருக்காது. வெட்டுவதற்கு முன் 120 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டல்.

மாத்திரை மட்டைக்கு: "பெயர் தெரியாத அன்டிபயோட்டிக்" என்றே ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதே ஒரு முடிவு.


கிண்ணியாக்காரன் எழுதியது:

மிஸ், நான் டொக்டரும் இல்லை, படித்தவனும் இல்லை. ஓட்டோ ஓடுகிறேன். எங்கள் வாப்பாவுக்குப் பித்தப்பை எடுத்தது. தையல் வெட்டிய பிறகு கிளினிக்குக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

2009இல் பாலம் திறந்த பிறகு எங்களுக்குத் தூரம் ஒரு சாட்டு இல்லை. படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த காலத்தோடு பார்த்தால் இப்போது சொகுசு. பிரச்சினை கிளினிக்தான். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் நம்பர் எடுத்து உட்கார்ந்து பகல் ஆகிவிடும். கடைசியில் ஒருவர் சேர்ட்டைத் தூக்கிப் பார்த்து "நல்லா இருக்கு, போங்க" என்பார். அதைக் கேட்க ஒரு நாள் உழைப்பை விட்டுப் போகிற ஆள் யார்? வாப்பா சொன்னார், நல்லா இருக்கென்று எனக்கே தெரியுது, பிறகென்ன என்று.

போனில் கேட்பதென்றால் சில விஷயம். 026இல் தொடங்கும் லேன்ட்லைன் நம்பர் வந்தால் எங்கள் பக்கம் தூக்க மாட்டார்கள். லீசிங் கம்பனிக்காரன் என்று நினைப்பார்கள். வார்டில் இருந்து போகும்போதே, இந்த நம்பரில் இருந்துதான் எடுப்போம் என்று சொல்லி, அவர்கள் போனில் நீங்களே பெயர் போட்டு சேவ் பண்ணிக் கொடுங்கள். மஃரிபுக்குப் பிறகு எடுங்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் பகல் பத்து மணியளவில் எடுக்கலாம், இரவில் பிடிக்க முடியாது.

இன்னொன்று. நோயாளியின் நம்பரை வாங்கி வேலை இல்லை. வீட்டில் காயத்தைப் பார்க்கிறது யார் என்று கேட்டு அவருடைய நம்பரை எழுதுங்கள். வாப்பாவிடம் கேட்டால் எல்லாம் சுகம் என்பார். உம்மாவிடம் கேட்டால்தான் பெனியனில் மஞ்சள் பட்டிருந்த கதை வரும். வட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லலாம் என்று யாராவது சொல்வார்கள். இளசுகள் அனுப்பும். வயிற்றுக் காயத்தைப் படம் பிடித்து அனுப்ப எங்கள் வீட்டுப் பெண்கள் சம்மதிக்கவே மாட்டார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம்.


மூதூர் மிட்வைஃப் எழுதியது:

கிண்ணியாத் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. நான் சொல்ல வந்தது, சிசேரியனும் சத்திரசிகிச்சைதானே? பிள்ளை பெற்ற தாயை நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம். முதல் பத்து நாளில் இரண்டு தரம், பிறகு 14க்கும் 21க்கும் இடையில், பிறகு 42ஆம் நாள் அளவில். காயத்தையும் பார்த்து எழுதுகிறோம். கதவு தட்டினால் திறப்பார்கள், எங்களைத் தெரியும். நீங்கள் சிசேரியனை எடுத்தால் 30ஆம் நாள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். ஆனால் எங்களுக்கு வேலை தருவதானால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) சொல்ல வேண்டும், அவருக்கு ஆர்.டி.எச்.எஸ். (பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்) சொல்ல வேண்டும். நேரே என்னிடம் படிவத்தைத் தந்தால் வாங்க மாட்டேன், கோபிக்காதீர்கள்.


ஈஸ்ட்ஹாம் (லண்டன்) எழுதியது:

அருமையான திரி. இங்கே சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறேன், சொந்த ஊர் உப்புவெளி. உலகில் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான சத்திரசிகிச்சை எட்டவில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு சொன்ன பிறகு இந்தத் துறைக்கு இங்கே நிறையக் கவனம் கிடைக்கிறது. புளூபெல் என்ற காயக் கேள்விக்கொத்து ஒன்று இருக்கிறது, நோயாளியே பதில் சொல்லக்கூடியது. அதைத் தொலைபேசியில் கேட்கும் விதமாக நம்மைப் போன்ற நாடுகளுக்கு மாற்றியும் இருக்கிறார்கள். அனுப்பிவைக்கிறேன். தரவு சேர்க்க கோபோ டூல்பொக்ஸ் நல்லது. இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் பதியலாம், தமிழிலும் சிங்களத்திலும் படிவம் போடலாம். அக்கா, உங்கள் கொப்பியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் எங்கள் குழு எக்செலில் ஏற்றி ஆராய்ந்து, விரைவாக ஒரு கட்டுரை ஆக்கிவிடலாம்.


பழைய கத்தி எழுதியது:

தம்பி, கேள்விக்கொத்தும் கோபோவும் நல்ல உதவி, நன்றி. கொப்பியைப் படம் பிடித்து எங்கேயும் அனுப்ப வேண்டாம். அதில் பெயர்கள் இருக்கின்றன. அதோடு, யார் பெயர் முதலில் வரும் என்பதை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். டிரெசிங் மேசையில் நின்றவருக்குக் கடைசி வரியில் நன்றி சொல்லிவிட்டுப் போன கட்டுரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்களைச் சொல்லவில்லை.

கட்டுரைக் கட்டணத்தையும் இப்போதே பாருங்கள். உலக வங்கி 2019இல் எங்களை மேல் நடுத்தர வருமான நாடு என்று ஏற்றியது, 2020இல் கீழே இறக்கியது. பல சஞ்சிகைகளின் கட்டணச் சலுகை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நடக்கிறது. நாங்கள் பணக்காரராக இருந்த அந்த ஒரு வருடத்தில் எழுதியவன் பாடு திண்டாட்டம்.


ஈஸ்ட்ஹாம் (லண்டன்) எழுதியது:

சரி சேர், விளங்குகிறது. பெயர் நீக்கிய பிறகு புள்ளிவிபரக் கணக்குக்கு மட்டும் உதவுகிறேன். அக்கா முதல் பெயர், அதில் பேச்சே இல்லை.


டிரெசிங் றூம் (திருகோணமலை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு டியூட்டியில் இருந்து வாசித்தேன், நிபுணருக்கும் காட்டினேன்.

மூதூர் அக்கா, சிசேரியன் யோசனை நல்லது, ஆனால் அது என் வார்ட் இல்லை. அதோடு ஒன்று உறுத்துகிறது. தாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஹெர்னியா வெட்டிய கடற்தொழிலாளியின் கதவைத் தட்ட யாரும் இல்லை. எங்கே பின்தொடர்வது சுலபமோ அந்த நோயாளிகளைப் பற்றியே ஆய்வும் நடந்தால், இவரைப் பற்றி எப்போதும் ஒன்றும் தெரியாது. ஆகவே ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும் என்றே முடிவு.

கிண்ணியாத் தம்பி சொன்னபடி, காயத்தைப் பார்க்கிறவரின் நம்பருக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன். இரண்டாவது நம்பர் கட்டாயம். பருவத்துக்கு வரும் ஆட்களிடம் சொந்த ஊர் விலாசத்தையும் பக்கத்துக் கடைக்காரரின் நம்பரையும் வாங்கப் போகிறோம். அவர்களை ஆய்வில் சேர்க்காமல் விட்டால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. சேர்ப்போம், தொலைந்தால் தொலைந்தார் என்று எண்ணிக்கையில் காட்டுவோம்.

சம்மதம் வாங்க எலும்பு முறிவு வார்ட் தோழி ஒருத்தி ஒத்துக்கொண்டாள். அங்கேயும் இதே கதைதானாம். பாதிப் பேர் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டிய பிறகே வருகிறார்கள், அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அது அடுத்த திரிக்கு.

போன் செலவுதான் இன்னும் தீரவில்லை. வார்ட் லேன்ட்லைனில் இருந்து வெளியே எடுக்க ஒப்பரேட்டரிடம் கேட்க வேண்டும், அதுவும் அந்த 026. ஒரு சிம்முக்கும் மாதாந்த ரீலோடுக்கும் யாரிடம் கேட்பது என்று நிபுணரைக் கேட்டேன், தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

சேரிடம் கடைசியாக ஒரு கேள்வி. 30ஆம் நாள் வரை காத்திருக்காமல் 10ஆம் நாளும் ஒரு தரம் எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். அப்போது உம்மா சொல்கிறார், சீழ் வருகிறது என்று. நாங்கள் பார்வையாளர்கள் மட்டும்தானே, சிகிச்சையை மாற்றக்கூடாதே? எழுதிக்கொண்டு பேசாமல் இருப்பதா, வரச் சொல்வதா? வரச் சொன்னால் 30ஆம் நாள் முடிவு மாறிவிடாதா?


பழைய கத்தி எழுதியது:

வரச் சொல்லுங்கள், அன்றைக்கே. தொற்று வந்தது என்பது நீங்கள் போனில் கேட்ட அந்த நிமிடத்தில் பதிவாகிவிட்டது, அவர் வந்து ஆறினாலும் அது தொற்றுத்தான். ஆறிய வேகம் மாறலாம், அது உங்கள் கேள்வி இல்லை. "10ஆம் நாள் அழைப்பில் கண்டறிந்து வரவழைத்தோம்" என்று முறையியலில் ஒரு வரி எழுதுங்கள். எதிக்ஸ் விண்ணப்பத்திலும் இதைச் சொல்லுங்கள், கமிட்டி கட்டாயம் கேட்கும்.

ஆனால் வரச் சொன்ன ஆளைக் கிளினிக் வரிசையில் உட்கார வைத்தால் அடுத்த அழைப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். நேரே வார்டுக்கு வர வழி செய்யுங்கள்.


டிரெசிங் றூம் (திருகோணமலை) எழுதியது:

சரி சேர். "கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் நேரே வார்டுக்கு வரலாம், நம்பர் எடுக்கத் தேவையில்லை" என்று நோயாளிக்குக் கொடுக்கும் துண்டின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் போடுகிறேன். கேட்டில் நிற்கும் செக்கியூரிட்டி அண்ணைக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார். பணிப்பாளரிடம் அந்த ஒரு வரிக் கடிதத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன்.